'இஞ்ச கொஞ்ச நாளைக்குத்தான்' என்று பிள்ளைக்குச் சொல்லாதேங்கோ

யாழ்ப்பாணத்து இணுவிலிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறா. மகள் ஐந்தாம் ஆண்டு ஸ்கொலசிப் (புலமைப்பரிசில்) சோதனையில் மாவட்ட வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்தும், விண்ணப்பத்தில் போட்ட நகரப் பாடசாலைகள் ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரே ரியூசனுக்குப் போன மச்சாளுக்கு நகரத்து வேம்படி மகளிர் பாடசாலை கிடைத்துவிட்டது. பிள்ளை கோயிலுக்கும் வரமாட்டன் என்கிறாளாம். தகப்பன் அவளோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. மேன்முறையீடு போடுவதா, காசு கட்டித் தனியார் பாடசாலையில் சேர்ப்பதா, அல்லது பக்கத்துப் பாடசாலையில் ஒரு வருசம் விட்டுவைத்துப் பிறகு மாற்றுவதா என்பதுதான் கேள்வி.

தங்கச்சி, நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. கடைசிக் காலத்தில் ஆறாம் ஆண்டு பகுதித் தலைவராக இருந்தேன். நீங்கள் சொன்ன மூன்று வழியில் முதல் இரண்டும் நல்லதோ கெட்டதோ, செய்து பார்க்கலாம். மூன்றாவதுதான் என்னைப் பயப்படுத்துகிறது. வழி பிழை என்பதால் அல்ல. அதைச் செய்கிற பெற்றோர் அநேகமாக எல்லாரும் பிள்ளையிடம் "இஞ்ச கொஞ்ச நாளைக்குத்தான்" என்று சொல்லிவிடுகிறார்கள். கேட்ட பாடசாலை கிடைக்காததை ஒரு பத்து வயதுப் பிள்ளை ஒரு மாதத்தில் தாண்டிவிடும். எந்தப் பாடசாலைக்கும் சொந்தமில்லாமல் நிற்பதை அப்படித் தாண்ட முடியாது.

முதலில் இந்தப் புள்ளிக் கணக்கைத் தெளிவாக்கிவிடுகிறேன், உங்கட வீட்டில் பாதிக் கோபம் இதிலேதான் நிற்கிறது போலிருக்கிறது. மாவட்ட வெட்டுப்புள்ளி என்பது உதவிப்பணத்துக்கான தகுதிக் கோடு. அதைத் தாண்டினால் கேட்ட பாடசாலை கிடைக்கும் என்று அர்த்தமில்லை. பாடசாலை அனுமதிக்குக் கல்வி அமைச்சு பிறகு தனியாக ஒரு பட்டியல் விடும். அந்தப் பட்டியலில் உங்கட பாடசாலைக்கு நேரே நிற்கிற எண்ணை யாரும் முன்கூட்டி யோசித்துப் போடுவதில்லை. அந்தப் பாடசாலையை விரும்பிப் போட்ட பிள்ளைகளைப் புள்ளி வரிசையில் நிறுத்தி, இருக்கிற இடங்களுக்கு எண்ணிக்கொண்டு வந்தால், கடைசியாக உள்ளே போகிற பிள்ளையின் புள்ளிதான் அது. அதனால் வருசத்துக்கு வருசம் ஏறும், இறங்கும். உங்கட மகள் தோற்கவில்லை. வரிசை அவளுக்கு முன்னால் முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

வரிசையும் எதை வைத்து? இரண்டு வினாத்தாள், மொத்தம் 200 புள்ளி. முதலாவது தாளில் ஒரு மணித்தியாலத்துக்குள் 40 கேள்வி. இரண்டு கேள்வியில் பென்சில் பிசகினால் போதும், பிள்ளை பக்கம் பக்கமாகப் பின்னுக்குப் போய்விடும். 1940களில் கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கராவின் காலத்தில், கிராமத்து ஏழைப் பிள்ளைகளில் கெட்டிக்காரரைத் தெரிந்து மத்திய கல்லூரிகளில் படிப்பிக்கவென்று தொடங்கிய சோதனை இது. இன்றைக்கு மூன்றாம் ஆண்டிலேயே ரியூசன் தொடங்கி, பெறுபேறு வந்ததும் சந்திக்குச் சந்தி பிளெக்ஸ் கட்டி, பத்து வயதுப் பிள்ளையின் முகத்தை ரோட்டில் தொங்கவிடுகிற சோதனையாகிவிட்டது. அந்தப் பிளெக்ஸில் இல்லாத பிள்ளைகளும் அதே ரோட்டால்தான் சைக்கிளில் போகிறார்கள் என்று அதைக் கட்டுகிற ரியூசன்காரர் ஒருவரும் நினைப்பதாகத் தெரியவில்லை. சரி, அதை விடுவம்.

மேன்முறையீட்டைப் போடுங்கோ. முதல் சுற்று முடிந்ததும் அமைச்சு இணையத்தளத்தில் கேட்கும். திகதியைத் தவறவிடாதேங்கோ. பெறுபேற்றுப் பத்திரம், முதலில் போட்ட விண்ணப்பத்தின் பிரதி இரண்டையும் கையில் வைத்திருங்கோ. உங்கட பிள்ளை படித்த ஆரம்பப் பாடசாலையின் அதிபருக்கு இது வருசா வருசம் செய்கிற வேலை, முதலில் அவரிடம் போங்கோ. இடம் எங்கேயிருந்து வருமென்றால், கிடைத்த பிள்ளைகளில் சிலர் போகாமல் விடுவதால் வரும். அப்படி வருகிற இடமும் புள்ளி வரிசையில்தான் போகும். ஒன்றிரண்டு புள்ளியால் தவறியிருந்தால் நம்பிக்கை வைக்கலாம். ஏழெட்டுப் புள்ளி என்றால் போட்டுவிட்டு மறந்துவிடுங்கோ. மேன்முறையீட்டில் குடும்பக் கஷ்டத்தை மூன்று பக்கத்துக்கு எழுதினால் புள்ளி கூடும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. கூடாது.

"ஆளைத் தெரியும், கொஞ்சம் செலவழிக்க வேணும்" என்று யாராவது வந்தால் கேற்றுக்கு வெளியிலேயே அனுப்புங்கோ. பாடசாலை அனுமதிக்குக் காசு வாங்குவது இலஞ்சம். கொடுப்பதும்தான். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954. கட்டட நிதி, மண்டப நிதி என்று எந்தப் பெயரில் கேட்டாலும், அனுமதிக்கு நிபந்தனையாகக் கேட்டால் அது அதுதான்.

தனியார் பாடசாலை பற்றி. உங்களுக்குக் கிட்ட உடுவில் மகளிர் கல்லூரி இருக்கிறது, நகரத்தில் சுண்டிக்குளி மகளிர் கல்லூரி இருக்கிறது. 1824, 1896 என்று நூறு, இருநூறு வருசப் பழைய பாடசாலைகள். அவர்கள் தங்கட முறையில் பிள்ளைகளைச் சேர்ப்பார்கள், கட்டணமும் உண்டு. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கட்ட முடியுமென்றால் விசாரித்துப் பாருங்கோ, அதில் பிழையில்லை. நகையை அடைவு வைத்துத்தான் முடியுமென்றால் வேண்டாம் என்பது என் கருத்து. அடைவுச் சிட்டையைப் பற்றி வீட்டில் கதைக்காமல் இருக்கமாட்டீர்கள், பிள்ளை அதைக் கேட்காமலும் இருக்காது. பிறகு ஒவ்வொரு தவணைப் பரீட்சைக்கும் அந்தக் காப்பின் பாரத்தோடுதான் போய் இருப்பாள்.

இனி மூன்றாவது வழி.

ஒரு பிள்ளை எங்கட ஆறாம் ஆண்டுக்கு வந்தாள். வந்த அன்றைக்கே தாய், பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வகுப்பாசிரியையிடம் சொன்னா, "மேன்முறையீடு போட்டிருக்கு ரீச்சர், கெதியில கூட்டிக்கொண்டு போயிடுவம்." ஆகவே கழுத்துப்பட்டி வாங்கவில்லை. வேறு பாடசாலைக்குப் போனால் நிறம் மாறுமே. கொடுத்த பாடப்புத்தகங்களுக்கு உறை போடவில்லை, திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று சொப்பிங் பையில் சுற்றியே கொண்டுவருவாள். முதலாம் தவணை எங்கட பக்கம் இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் என்பது உங்களுக்குத் தெரியும். பிள்ளைகளை இல்லங்கள் என்கிற விளையாட்டு அணிகளுக்குப் பிரித்தபோது, போகப் போகிற பிள்ளைதானே என்று அவளை ஒன்றிலும் போடவில்லை. பின்னேரம் எல்லாரும் இல்ல நிறத்தில் ரீசேட் போட்டுக்கொண்டு மைதானத்தில் நிற்பார்கள். இவள் வேப்பமரத்தடியில் மற்றவர்களின் தண்ணீர்ப் போத்தலுக்கும் புத்தகப் பைக்கும் காவல். இரண்டாம் தவணையில்தான் கழுத்துப்பட்டி வந்தது. அதற்குள் யார் யாரோடு சாப்பிடுவது, யார் பக்கத்தில் யார் இருப்பது என்பதெல்லாம் வகுப்பில் முடிவாகிவிட்டது. அந்த வருசம் முழுக்க அவளுக்கு வகுப்பில் ஒரு இடம் பிடித்துக் கொடுப்பதுதான் எங்கட வேலையாக இருந்தது. படிப்பில் அவளுக்கு ஒரு குறையுமில்லை.

அதனால் சொல்கிறேன். எந்தப் பாடசாலை என்று தீர்மானித்தாலும், முதல் நாளே முழுசாகச் சேருங்கோ. கழுத்துப்பட்டி, சப்பாத்து, புத்தக உறை, இல்லம், எல்லாம். மேன்முறையீடு போட்டிருப்பதை அவளுக்கு ஒளிக்கவும் வேண்டாம், நாளும் பொழுதும் அதையே கதைக்கவும் வேண்டாம். "அம்மாவும் அப்பாவும் ஒரு விண்ணப்பம் போட்டிருக்கிறம். வந்தால் அப்ப யோசிப்பம். நீ இப்ப இந்தப் பள்ளிக்கூடப் பிள்ளை." இவ்வளவு போதும். முதலாம் தவணை முடிகிறவரை என்று உங்களுக்குள் ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கோ. அதற்குப் பிறகு இடம் வந்தாலும் அவளைக் கேட்டுவிட்டுத்தான் மாற்ற வேண்டும். பிறகு எட்டாம், ஒன்பதாம் ஆண்டில் வெற்றிடம் இருந்தால் மாறுவதற்கு வழி இருக்கிறது, அதற்காக இப்போதே பெட்டி கட்டி வைக்கத் தேவையில்லை.

எந்தப் பாடசாலை? இணுவிலில் இருந்துகொண்டு இதற்குக் கலங்க வேண்டியதில்லை. மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரி, சேர் பொன். இராமநாதன் 1913இல் பெண் பிள்ளைகளுக்கென்றே தொடங்கியது. சுன்னாகத்தில் ஸ்கந்தவரோதயா. இன்னும் கொஞ்சம் மேலே போனால் தெல்லிப்பளையில் மகாஜனா. அங்கத்தைப் பெண் பிள்ளைகள் உதைபந்தாட்டத்தில் அகில இலங்கை மட்டத்தில் கிண்ணம் தூக்கியவர்கள். உங்கட ஊருக்குள்ளேயே இணுவில் இந்துவும் மத்திய கல்லூரியும் இருக்கின்றன. சட்டப்படி 5 வயதிலிருந்து 16 வயதுவரை பிள்ளை பாடசாலைக்குப் போயே ஆக வேண்டும். ஆகவே இடம் தேடிக் கொடுக்க வேண்டிய பொறுப்பு வலயக் கல்விப் பணிமனைக்கும் உண்டு. ஐந்தாம் ஆண்டோடு முடிகிற பாடசாலையில் படித்த பிள்ளைக்கு ஓரிடமும் சரிவரவில்லையென்றால், விடுகைப் பத்திரத்தையும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு நேரே அங்கே போகலாம். எங்கட வடக்கில் பிள்ளைகள் குறைந்து மூடிய சிறு பாடசாலைகளே இருக்கின்றன. கதிரைக்குப் பஞ்சமில்லை, பெயருக்குத்தான் இந்த அடிபிடி.

பாடசாலையைப் பார்க்கப் போகும்போது காலைப் பிரார்த்தனை நேரத்தில் போகாதேங்கோ. அப்போது எல்லாப் பாடசாலையும் வடிவாகத்தான் இருக்கும். இடைவேளை முடிந்து அரை மணித்தியாலம் கழித்துப் போங்கோ. ஆறாம், ஏழாம் ஆண்டு வகுப்புகளில் ஆசிரியர் நிற்கிறாரா, பிள்ளைகள் தனியே இருந்து சத்தம் போடுகிறார்களா என்று வராந்தாவால் நடந்தாலே தெரிந்துவிடும். நூலகம் திறந்திருக்கிறதா, மேசையில் தூசா என்று பாருங்கோ. அதிபரிடம் பதினோராம் ஆண்டுச் சாதாரண தரப் பரீட்சையில் 9 ஏ எத்தனை பேர் என்று கேட்காதேங்கோ, அதைக் கேட்காமலே சொல்வார். கணிதத்தில் எத்தனை பேர் சித்தியடையவில்லை என்று கேளுங்கோ. ஒரு பாடசாலை தன் கெட்டிக்காரரை எப்படிக் கொண்டாடுகிறது என்பதைவிட, நடுவில் நிற்கிற பிள்ளையை என்ன செய்கிறது என்பது அந்த விடையில் இருக்கும். ஆறாம் ஆண்டுக்குக் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் யார் எடுக்கிறார், எத்தனை வருசமாக எடுக்கிறார் என்றும் கேளுங்கோ. ஆங்கில ஆசிரியர் வெற்றிடமாக இருக்கிற பாடசாலை என்றால் அதை வீட்டில் ஈடுகட்ட வேண்டிவரும், முன்கூட்டித் தெரிந்திருப்பது நல்லது.

பாடசாலையின் வகையையும் கேளுங்கோ. 1ஏபி என்றால் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவும் இருக்கும். 1சி என்றால் கலை, வர்த்தகம். இரண்டாம் வகை என்றால் பதினோராம் ஆண்டோடு முடியும், பிறகு மாறத்தான் வேண்டும். அது பெரிய குறையில்லை. சாதாரண தரப் பெறுபேற்றோடு நகரத்துப் பெரிய பாடசாலைகளின் உயர்தர வகுப்புக்கு வெளியிலிருந்து பிள்ளைகள் வருசா வருசம் போகிறார்கள். இப்போது மூடிய அதே வாசல்தான், பதினாறு வயதில் இன்னொருமுறை திறக்கும். பல்கலைக்கழகத்துக்குப் போகிற கணக்கில் பாடசாலையின் பெயருக்கு ஒரு புள்ளியும் இல்லை. உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணக்கிடுகிற இசட் புள்ளிதான். பெரும்பாலான துறைகளில் இருக்கிற இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. யாழ் மாவட்டத்தில் எந்தப் பாடசாலையில் இருந்து எழுதினாலும் ஒரே வரிசையில்தான் நிற்பாள். இதைப் பிள்ளைக்கு இப்போது விளங்கப்படுத்தத் தேவையில்லை. தகப்பனுக்கு விளங்கப்படுத்துங்கோ.

அவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பா கதைக்காமல் இருப்பதை ஒரு பத்து வயதுப் பிள்ளை "அப்பாவுக்குக் கவலை" என்று எடுக்காது, "எனக்குத் தண்டனை" என்றுதான் எடுக்கும். எங்கட ஆம்பிளையளுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது, அதைக் கேட்டு மல்லுக்கட்டாதேங்கோ. அவருக்கு ஒரு வேலை கொடுங்கோ. புதுப் பாடசாலைக்குச் சப்பாத்தும் கழுத்துப்பட்டியும் வாங்கப் பிள்ளையோடு அவர்தான் போக வேண்டும், நீங்கள் போகக்கூடாது. சேர்க்கிற அன்றைக்கு லீவு போட்டுவிட்டு அவரும் வர வேண்டும். வழியில் ஒரு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தால் போதும், ஒன்றும் கதைக்கத் தேவையில்லை.

உறவுக்காரரைச் சமாளிப்பதுதான் கஷ்டம். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வட்சப்பில் எடுத்து, முகம் தெரிந்த உடனே "எத்தினை மாக்ஸ், எந்தப் பள்ளிக்கூடம்?" என்பார்கள். அவர்கள் கெட்ட மனதோடு கேட்பதில்லை, வேறு என்ன கேட்பதென்று தெரியாது. ஆனால் போனைப் பிள்ளையிடம் கொடுக்க முன்னம் நீங்களே சொல்லிவிடுங்கோ: "மாக்ஸை நான் சொல்லிப்போட்டன் மாமி, அவளோட வேற கதை கதையுங்கோ." ஒருமுறை சொன்னால் அடுத்தமுறை கேட்கமாட்டார்கள். கோயிலுக்கு இப்போதைக்கு வற்புறுத்தாதேங்கோ. கூட்டமில்லாத நாளில் விடியப் பூசைக்குக் கூட்டிக்கொண்டு போனால் வருவாள். மச்சாளோடு பழகுவதைத் தடுக்காதேங்கோ. பிள்ளைகள் இரண்டும் தங்களுக்குள் சரிக்கட்டிவிடும், நீங்களும் உங்கட மச்சாளும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால். இரண்டு பாடசாலையின் தவணைப் பரீட்சைப் புள்ளியை ஒப்பிடுவதில்லை என்று நீங்கள் இரண்டு பேரும் இப்போதே ஒரு உடன்பாட்டுக்கு வாங்கோ.

ஆறாம் ஆண்டே எல்லாப் பிள்ளைக்கும் ஒரு அதிர்ச்சிதான், வேம்படிக்குப் போகிற பிள்ளைக்கும். ஐந்தாம் ஆண்டுவரை ஒரு ரீச்சர், ஒரு அம்மா மாதிரி. இனிப் பாடத்துக்குப் பாடம் மணி அடிக்க வேறு வேறு ஆசிரியர். வரலாறு, புவியியல், குடியியல், சிங்களம் என்று ஒரே நேரத்தில் வந்து விழும். முதல் மாதத்தில் பிள்ளை சோர்ந்து வந்தால் எல்லாவற்றையும் "இந்தப் பாடசாலை சரியில்லை" என்ற கணக்கில் எழுதிவிடாதேங்கோ. ரியூசனை முதலாம் தவணை முழுக்க நிறுத்துங்கோ என்பேன். மூன்றாம் ஆண்டிலிருந்து ஓடின பிள்ளை, பின்னேரத்தில் ஒரு தவணைக்கு விளையாடட்டும்.

சில அறிகுறிகளை மட்டும் பொறுத்துப் பார்க்க வேண்டாம். கிழமைக் கணக்கில் சரியாகச் சாப்பிடாமல், நித்திரை கொள்ளாமல் இருப்பது, பாடசாலை நாளில் மட்டும் வயிற்றுக்குத்து என்பது, விட்டுப்போன பழக்கமான படுக்கையில் மூத்திரம் போவது திரும்ப வருவது. "நான் இருந்து என்ன" என்கிற மாதிரி ஒரு கதை ஒருமுறை வந்தாலே போதும், அன்றைக்கே ஆளைக் காட்டுங்கோ. உங்களுக்குக் கிட்ட தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, நகரத்தில் போதனா வைத்தியசாலை. 1926 தேசிய மனநல உதவி இலக்கம், 1929 சிறுவர் உதவி இலக்கம். "ஊர் என்ன சொல்லும்" என்று இதைத் தள்ளிப்போடாதேங்கோ.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. மாவட்ட வெட்டுப்புள்ளியைத் தாண்டியிருக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். குடும்ப வருமானம் குறிப்பிட்ட எல்லைக்குள் இருந்தால் உதவிப்பணத்துக்கு அவள் விண்ணப்பிக்கலாம், நகரத்துப் பாடசாலை கிடைக்கவில்லை என்பதற்காக அது போய்விடாது. பாடசாலை சேர்க்கிற அமளியில் இதைக் கவனியாமல் விட்ட குடும்பங்கள் எனக்குத் தெரியும். ஐந்தாம் ஆண்டு படித்த பாடசாலையில் படிவத்தைக் கேளுங்கோ, வருமானத்தை விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) உறுதிப்படுத்த வேண்டிவரும். காசு அவளின் பெயரில் வருவது. வங்கிப் புத்தகத்தை அவளிடமே காட்டுங்கோ, அது அவள் எழுதின சோதனைக்குக் கிடைத்தது.